நிசெகோவில் முதல்முறை: ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள பனிச்சறுக்குத் தலமான நிசெகோவில் பனி மாவு போல இருக்கும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து இங்கே கொட்டுவதுதான் காரணம். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பயிற்சியாளர்களும் கிடைப்பார்கள்.

ஸ்கீயில் இரண்டு காலுக்கும் தனித்தனிப் பலகை, முகம் முன்னோக்கி. பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். இதை முதல் நாளே ஓரளவு பழகிவிடலாம். பூட்ஸ்தான் ரொம்பக் கடினம், நடப்பதே பெரும்பாடு. முழங்கால் திருகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஸ்னோபோர்டில் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். பூட்ஸ் மென்மையானது. ஆனால் பலகையின் ஓரம் பனியில் மாட்டினால் சட்டென்று விழுவோம். கையை ஊன்றினால் மணிக்கட்டில் அடிபடும். மணிக்கட்டுக் காப்பு அவசியம் போடுங்கள். சரிவின் மேலே கொண்டுபோகும் லிஃப்டில் ஏற ஒவ்வொரு முறையும் பின்காலைப் பலகையிலிருந்து கழற்ற வேண்டும், இறங்கியதும் திரும்ப மாட்ட வேண்டும். சமதளம் வந்தால் உந்தித் தள்ளக் கோலும் கிடையாது. இதெல்லாம் பிடிபட்டுவிட்டால், அப்புறம் ஆழமான புதுப்பனியில் அந்த அகலப் பலகை மிதந்துபோகும் சுகமே தனி!

ஓரிரு நாள்தான் இருக்கிறதென்றால் ஸ்கீயைத்தான் சொல்வேன். நான்கைந்து நாள் தங்கி, விழுந்து எழத் தயார் என்றால் ஸ்னோபோர்டு. எதுவானாலும் முதல் நாள் வகுப்புக்குக் காசு பார்க்காதீர்கள்.