டோவோன் நகரில் ஒரு மூதாட்டி: இன்ஸோய் விளையாட்டைப் பற்றி

தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் உருவாக்கியிருக்கும் இன்ஸோய் என்ற லைஃப் சிமுலேஷன் கேம், 2025 மார்ச் 28 அன்று, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எர்லி ஆக்சஸ் நிலையில், அதாவது முழுமையடையும் முன்பே, விற்பனைக்கு வந்தது. அன்றுமுதல் விட்டுவிட்டு ஆடிவருகிறேன். கிராஃப்டன் என்ற பெயரை அறியாதவர்களுக்கும் அதன் பப்ஜியைத் தெரிந்திருக்கும். அதே நிறுவனம் இப்போது துப்பாக்கியும் வெற்றி தோல்வியும் இல்லாத, ஒரு மனிதரைப் படைத்து அவரைச் சமைக்கவும் உறங்கவும் வேலைக்குப் போகவும் நண்பர்களைத் தேடிக்கொள்ளவும் வைக்கிற விளையாட்டைத் தந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. இந்த வகையில் இருபத்தைந்து ஆண்டுகளாக தி சிம்ஸ் வரிசை மட்டுமே கோலோச்சி வந்ததால், மாற்று ஒன்றுக்கான ஏக்கம் ஆடுபவர்களிடம் எவ்வளவு இருந்தது என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

இங்கே நாம் படைக்கும் மனிதர்களுக்கு ஸோய் என்று பெயர். பலரும் இருபது வயது அழகியையோ பாடகர் தோற்றமுள்ள இளைஞனையோ செய்துதான் தொடங்குகிறார்கள். நான் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டியைச் செய்தேன். பொன்னம்மா என்று பெயர் வைத்தேன். முகத்தின்மேல் மவுஸை வைத்து இழுத்தால் கன்னம் ஒடுங்குகிறது, தாடை இறங்குகிறது, இமை தொய்கிறது. தோலின் சுருக்கத்தையும் முடியின் நரையையும் கூட்டிக் குறைக்கலாம். நகத்தின் நீளத்தையும் வண்ணத்தையும்கூட மாற்றலாம். ஒரு மாலை முழுவதும் அந்த முகத்தோடுதான் கழிந்தது. கடைசியில் அவர் திரையில் நிமிர்ந்து பார்த்தபோது, எங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவரை வெகுநாள் கழித்துப் பார்ப்பது போலவே இருந்தது.

துணிகளுக்கு வேண்டிய வடிவத்தைச் சொற்களால் விவரித்தால் செயற்கை நுண்ணறிவு வரைந்து தருகிறது. சுங்குடிச் சேலையை மனதில் வைத்து, அரக்கு நிறத்தில் நெருக்கமான சிறு வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதினேன். நாலைந்து முறை சொற்களை மாற்றிப் பார்த்த பிறகு, புள்ளிகளின் ஓரம் லேசாகக் கலைந்து நிற்கும் ஒன்று கிடைத்தது. அதைப் பொன்னம்மாவின் கம்பளிச் சட்டைக்கு ஏற்றினேன். பிற ஓவியர்களின் உழைப்பைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் கருவிகள் பெருகிவிட்ட காலம் இது என்பதால் இதையும் குறிப்பிட வேண்டும்: தனக்குச் சொந்தமான, பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத படைப்புகளைக் கொண்டே இந்தக் கருவியைப் பயிற்றுவித்ததாக கிராஃப்டன் கூறுகிறது.

பொன்னம்மாவை டோவோன் நகரில் குடியமர்த்தினேன். சியோலை மாதிரியாகக் கொண்ட நகரம் அது. கலிபோர்னியக் கடற்கரையை நினைவூட்டும் பிளிஸ் பே என்ற இன்னோர் ஊரும் உண்டு. அன்ரியல் என்ஜின் 5 என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருள் கொண்டு செய்யப்பட்ட இந்த நகரங்களில், வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால் காத்திருக்க வேண்டிய திரை எதுவும் குறுக்கிடுவதில்லை. விசைப்பலகையால் ஸோயை நாமே நடத்திச் செல்லலாம், கார் ஓட்டலாம், வானிலையையும் பருவத்தையும் நம் விருப்பத்துக்கு மாற்றலாம். மழை விட்ட மாலையில் ஈரச் சாலையில் கடைகளின் வெளிச்சம் நீண்டு கிடக்க, பொன்னம்மா சாலையைக் கடந்து எதிர்ப்புறக் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே இந்த விளையாட்டைத் திறந்த நாட்கள் உண்டு. இதற்கு முன் இந்த வகைக் கேம்கள் எதிலும் ஒரு தெரு எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. செலவழிக்கும் நாணயத்துக்கு மியாவ் என்று பெயர். பூனை கத்தும் ஒலிக்கும், பழங்காலக் கொரிய நாணயத்துக்கும் அந்த மொழியில் ஒரே சொல் என்பதுதான் காரணம். இந்த உலகை நிர்வகிக்கும் நிறுவனத்தின் தலைமையில் இருப்பதும் ஒரு பூனையே. நாம் அங்கே பயிற்சி ஊழியர்.

இவ்வளவு அழகான ஊரில் வாழும் வாழ்க்கை இன்னும் போதிய கனத்தோடு இல்லை என்பதே என் மனதில் நிற்கும் குறை. பசி, உறக்கம், தூய்மை, களிப்பு, பிறரின் அங்கீகாரம் என்று ஒவ்வொரு ஸோய்க்கும் எட்டுத் தேவைகள் இருக்கின்றன. அவற்றை நிறைவேற்றுவது எளிது. பேச்சுக்கு எத்தனையோ வகைகள் இருக்கின்றன. நட்பு, காதல், குடும்பம், தொழில் என்று உறவு நான்கு வழிகளில் வளர்வதும் நல்ல சிந்தனைதான். ஆனால் யாருடன் பேசினாலும் பேச்சு பெரும்பாலும் இணக்கமாகவே முடிவதால், பொன்னம்மா யாரையாவது இழந்துவிடுவாரோ என்ற அச்சம் எனக்கு வரவில்லை. அச்சம் இல்லாத இடத்தில் பாசத்துக்கும் அழுத்தம் குறைந்துவிடுகிறது.

தி சிம்ஸ் பிறந்த கதையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீயில், அதை உருவாக்கிய வில் ரைட் தம் வீட்டையும் உடைமைகளையும் இழந்தார். ஒவ்வொரு பொருளாகத் திரும்ப வாங்கி வாழ்க்கையை அடுக்கியபோது தோன்றிய எண்ணத்தின் வளர்ச்சியாகவே 2000இல் அந்த விளையாட்டு வெளிவந்தது. இழப்பிலிருந்து தொடங்கியதால்தானோ என்னவோ, சமையலறையில் பிடித்த சிறு தீயில் மொத்தக் குடும்பமும் நிலைகுலைவதை அதை ஆடியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். உருவ வேலையில் சிம்ஸை வெகுதூரம் தாண்டிவிட்ட இன்ஸோய், இந்த ஓர் இடத்தில் அதனிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கற்பதற்கான வித்து இந்த விளையாட்டுக்குள்ளேயே கிடக்கிறது. ஸோய்கள் செய்யும் நல்லதும் கெட்டதும் கர்மக் கணக்காகச் சேர்கின்றன. தீவினை மிகுந்த நிலையில் இறந்தவர் ஆவியாக அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறார். ஊரில் ஆவிகள் அளவுக்கு மீறிப் பெருகினால் புதிய பிறப்பே நின்றுபோகும். வினைப்பயன் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவரின் தீச்செயலுக்கு ஊரே விலை கொடுக்கும் ஏற்பாடு இது. இதை மட்டும் இன்னும் முன்னுக்குக் கொண்டுவந்து, அன்றாடப் பேச்சிலும் பகையிலும் உறவிலும் அதன் நிழல் விழும்படி செய்தால், இந்த வகையில் வேறு எந்த விளையாட்டுக்கும் இல்லாத ஆழம் இதற்கு வாய்க்கும்.

இன்னொரு வித்து ஸ்மார்ட் ஸோய் என்ற வசதி. சில்லு நிறுவனமான என்விடியாவின் தொழில்நுட்பத்தில் இயங்கும் ஒரு சிறிய மொழி மாதிரி (சொற்களைப் புரிந்து பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு) நம் கணினியிலேயே ஓடி, ஸோய் தன் குணத்துக்கேற்ப முடிவெடுக்க உதவுகிறது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். பசியோடு இருப்பவரைக் கண்டால் கடந்துபோக மாட்டார் என்ற பொருளில் பொன்னம்மாவுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாட்கள் எதுவும் நிகழவில்லை. மூன்றாம் நாள், நான் அவரை ஏவாமல் விட்டுவைத்திருந்த நேரத்தில், பூங்காவில் நின்ற முன்பின் தெரியாத ஓர் இளைஞனிடம் தானாகவே போய் உணவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அவர் மனதில் ஓடும் எண்ணமாக, அந்தப் பையன் சாப்பிட்டானா என்ற பொருளில் ஒரு வரி திரையில் எழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் அன்றுவரை ரசித்துப் பார்த்த பொம்மை, அந்த ஒரு கணத்தில் எனக்கு ஆளாகத் தெரிந்தது.

ஆடுபவர்களின் சொல்லுக்கு இதை உருவாக்கியவர்கள் செவிகொடுக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளியீட்டுக்குச் சற்று முன்பு, டெனுவோ என்ற நகல்தடுப்பு மென்பொருளுக்கு எதிர்ப்பு எழுந்தபோது அதை நீக்கினார்கள். முழு வெளியீடு வரும்வரை விரிவாக்கங்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றும் உறுதியளித்தார்கள். அதன்படி 2025 ஆகஸ்டில் தென்கிழக்காசியச் சாயல் கொண்ட ஒரு தீவை இலவசமாகச் சேர்த்தார்கள். நீந்தவும் மீன் பிடிக்கவும் பயிர் செய்யவும் அங்கே வழியுண்டு. கையை ஊன்றிச் செய்யும் வேலைகள் வந்த பிறகு நாட்கள் முன்னைவிட நிறைவாகவே நகர்கின்றன.

விலை 39.99 டாலர். குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டும் 12 ஜிபி ரேமும் 40 ஜிபி இடமும் வேண்டும். நான் சொன்ன மழைக்கால மாலையை முழு அழகோடு பார்க்க ஆர்டிஎக்ஸ் 3070 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். ஸோயின் முகத்தைச் செதுக்க உட்கார்ந்தால் அந்த இரண்டு மணி நேரமும் அங்கேயே கரைந்துவிடும். ஆகவே முதலில் தயாராக இருக்கும் முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நேரே டோவோனுக்குப் போய், கூட்டம் மிகுந்த தெருவில் மழையை வரவழைத்து, உங்கள் கணினி அதைத் தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். தாங்கினால், அடுத்த விடுமுறை நாளில் நிதானமாக உட்கார்ந்து உங்கள் பொன்னம்மாவைச் செய்துகொள்ளலாம்.