மத்திகிரி பக்கம் குதிரை ஓட்டக் கத்துக்குடுக்குற லாயம், பிள்ளைங்கள சேக்கலாமா?

ஓசூர் சுத்துவட்டாரத்துல பிள்ளைங்களுக்கு குதிரை ஓட்டக் கத்துக்குடுக்குற இடம் எதாச்சும் உருப்படியா இருக்கான்னு தெரிஞ்சவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அதான் எழுதிடலாம்னு. முதல்லயே சொல்லிடுறேன், சேக்கலாம், தாராளமா சேக்கலாம். ஆனா மூணு மாசத்துல பிள்ளை குதிரையில கட்டை தாண்டுற வீடியோவ ஸ்டேட்டஸ்ல போடணும்னு ஆசை இருந்தா இந்த இடம் உங்களுக்கு செட் ஆகாது, பெங்களூர் பக்கம் பாத்துக்கோங்க.

மத்திகிரி தாண்டி உள்ள பிரியுற மண்ரோட்டுல இருக்கு. போர்டு கிடையாது, நெட்லயும் கிடையாது, விளம்பரம் வேணாம் பேரும் போடாதீங்கன்னு மாஸ்டரே சொல்லிட்டாரு, அதனால போடல. மத்திகிரிக்கும் குதிரைக்கும் சம்பந்தம் புதுசு இல்ல, அங்க இருக்குற பெரிய கால்நடைப் பண்ணையே 1824ல பட்டாளத்துக்கு குதிரை வளக்கத்தான் ஆரம்பிச்சாங்க. இந்த லாயம் அவ்வளவு பெருசெல்லாம் இல்ல, ஆஸ்பெட்டாஸ் போட்ட கொட்டகை, கம்பி வேலி போட்ட மணல் தரை ஒன்னு, நாலஞ்சு குதிரை, அதுல பாதி ரேஸ்ல ஓடி ரிட்டையர் ஆனது. மாஸ்டர் பெங்களூர் ரேஸ் கோர்ஸ் லாயங்கள்ல ரொம்ப வருஷம் இருந்தவரு, தமிழ் தெலுங்கு கன்னடம் மூணும் கலந்து பேசுவாரு, குதிரைகிட்ட மட்டும் இந்தி.

என் பொண்ணு ஆறாவது படிக்குறா. போன முதல் நாள் குதிரை மேலயே ஏத்தல. கையில ஒரு கொக்கியக் குடுத்து குளம்ப சுத்தம் பண்ணச் சொன்னாரு. குதிரையோட முன்னங்கால் பக்கத்துல பின்னால பாத்து நின்னு, முட்டிக்குக் கீழ கையால தடவிட்டே போயி லேசா அழுத்துனா அதுவே காலத் தூக்கிக் குடுக்குது, அதத் தொடைக்கு மேல வெச்சுக்கிட்டு குளம்புக்குள்ள அடைஞ்சிருக்குற சாணி, மண்ணு, சின்னக் கல்லு எல்லாத்தையும் குதியிலருந்து முன்பக்கமா நோண்டி எடுக்கணும். நடுவுல தவளைன்னு ஒரு மெத்துன்னு இருக்குற பாகம், அதுல கொக்கி படக்கூடாது. நோண்டி முடிச்சதும் மாஸ்டர் குனிஞ்சு மோந்து பாக்குறாரு, நாத்தம் வந்தா அழுகல் ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தமாம். பொண்ணு மூக்கப் பொத்திக்கிட்டா. “மூக்கப் பொத்துனா எப்படி கண்ணு, அதுக்கு செருப்பா போட்டு விட்டிருக்கோம், அந்த நாலு குளம்புதான் அதுக்கு எல்லாம்”னாரு.

அடுத்தது சேணம் இருக்கு ஆனா கால் வைக்குற வளையம் இல்ல, மாஸ்டர் நடுவுல நின்னு நீளக் கயித்தப் புடிச்சிக்க குதிரை அவரச் சுத்தி வட்டமா நடக்கும், பிள்ளை கடிவாளத்தையும் தொடக்கூடாது, கைய ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். இதே கதை வாரக்கணக்கா. கூட வர்ற பெத்தவங்க மொகத்தப் பாக்கணுமே, எனக்கே கொஞ்சம் கடுப்புதான், காசு குடுத்து வட்டம் சுத்தவா வந்தோம்னு. ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டுட்டேன், எப்ப மாஸ்டர் ஓட்ட விடுவீங்க, எப்ப தாண்ட விடுவீங்கன்னு. அவரு பதில் சொல்லல, வாங்க சார்னு தீனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க கொள்ளு மூட்டைக்கு மேல சுவத்துல ஒரு குதிரைப் படம், ஏதோ பழைய காலண்டர்லருந்து வெட்டி ஒட்டுனது, ஓரமெல்லாம் எலி கடிச்சிருக்கு. “இது யாருன்னு தெரியுமா, ஆர்க்கிள்”னாரு.

இங்க கொஞ்சம் நிறுத்தி விளக்கணும். நம்ம பெங்களூர், மைசூர்ல பாக்குறதெல்லாம் தட்டையான தரையில ஓடுற ரேஸு. ஆர்க்கிள் ஓடுனது ஸ்டீபிள்சேஸ், வேலியும் பள்ளமும் தாண்டித் தாண்டி மூணு மைலுக்கு மேலகூட ஓடுற ரேஸு. 1752ல அயர்லாந்துல கார்க் கவுண்டில ரெண்டு பேரு ஒரு ஊரு சர்ச் கோபுரத்துலருந்து இன்னொரு ஊரு சர்ச் கோபுரத்துக்கு யார் முதல்ல போறதுன்னு பந்தயம் கட்டி, குறுக்க வந்த வேலி வரப்பு எல்லாத்தையும் தாண்டி ஓடுனதா சொல்றாங்க, சர்ச் கோபுரத்துக்கு இங்கிலீஷ்ல ஸ்டீபிள், அதால வந்த பேருதான் ஸ்டீபிள்சேஸ்.

ஆர்க்கிள் பொறந்தது 1957 ஏப்ரல்ல, அயர்லாந்து மீத் கவுண்டில. அப்பன் ஆர்க்கைவ் வம்சம் பெருசு, ரேஸ்ல ஒன்னும் சாதிக்கல. அம்மா பிரைட் செர்ரி மட்டும் வேலி தாண்டுறதுல கெட்டிக்காரி. குட்டியா இருக்கும்போதே முள்கம்பியில மாட்டி காலக் கிழிச்சிக்கிட்டு தையல் போட்ட கேஸு. 1960ல டப்ளின் ஏலத்துல வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி ஆன் 1,150 கினிக்கு (அந்தக் காலத்து பிரிட்டிஷ் பணக்கணக்கு) வாங்குனாங்க, ஸ்காட்லாந்துல அவங்க எஸ்டேட் பக்கம் இருக்குற ஒரு மலையோட பேர வெச்சாங்க. டாம் ட்ரீப்பர்னு ஒரு ட்ரெய்னர், டப்ளினுக்கு வடக்க கிரீனோக்ங்கற இடத்துல லாயம், அங்க 1961லதான் வந்து சேந்துச்சு. வந்தப்ப யாரும் பெருசா மதிக்கல, ஓடும்போது பின்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல தள்ளுவண்டியே உள்ள போயிரும்னு கேலி பண்ணாங்களாம், அவ்வளவு அகட்டி ஓடும்.

மாஸ்டர் விரல் விட்டு எண்ணிக் காட்டுனாரு. முதல் ரேஸ் 1961 டிசம்பர் 9, முல்லிங்கார்ல, வேலியே கிடையாது, வேலி தாண்டப்போற குதிரைங்கள பழக்க நடத்துற தட்டை ரேஸு, அதுலயும் மூணாவது. அதே மாசம் 26ஆம் தேதி லெப்பர்ட்ஸ்டவுன்ல நாலாவது. அப்புறம் 1962 ஜனவரி 20, நேவன்ல சின்ன தடுப்பு தாண்டுற ஹர்டில் ரேஸ், அதுல ஒன்னுக்கு இருபதுன்னு விலை, அதாவது ஜெயிக்கும்னு ஒருத்தனும் நெனைக்கல. ட்ரீப்பர் லாயத்துலருந்தே கெர்ஃபோரோன்னு இன்னொரு குதிரை, எல்லாரும் அதுமேலதான் பணம் கட்டுனது, பெரிய ஜாக்கி பேட் டாஃப் ஏறுனதும் அதுலதான். ஆர்க்கிள் மேல லியம் மெக்லாக்லின்னு ஒருத்தர். கடைசில கெர்ஃபோரோவையும் சேத்து எல்லாத்தையும் பின்னால விட்டுட்டு வந்துடுச்சு. பின்னால ஆர்க்கிள் பேரோட பிரிக்க முடியாம சேந்துபோன பேட் டாஃப் அன்னிக்குத் தோத்த குதிரை மேல உக்காந்திருந்தாரு, எனக்கு இந்தக் கதையில ரொம்பப் புடிச்சதே இதான்.

மாஸ்டருக்கு புடிச்சது வேற. நேவன்ல ஜெயிச்சு, மார்ச்ல நாஸ்ல இன்னொரு ஹர்டில் ஜெயிச்சு, அடுத்து பால்டாய்ல்ல எடமே இல்லாம, ஃபேரிஹவுஸ்ல நாலாவதா வந்து, இப்படி ஏத்தமும் எறக்கமுமா ஒரு சீசன் முழுக்க ஹர்டில்லயே ஓட்டுனாரு ட்ரீப்பர், பெரிய வேலிகிட்ட கொண்டே போகல. 1962 நவம்பர் 17, இங்கிலாந்துல செல்ட்டன்ஹாம்ல ஹனிபோர்ன் சேஸ், அதான் ஆர்க்கிளோட முதல் ஸ்டீபிள்சேஸ், அஞ்சு வயசு. இருபது நீளத்துல ஜெயிச்சுது, நீளம்னா ஒரு குதிரை ஒடம்போட நீளம். அடுத்த மார்ச் அதே செல்ட்டன்ஹாம்ல பிராட்வே சேஸ், மறுபடியும் இருபது நீளம். “அவசரப்பட்டு மொத வருஷமே வேலியில வுட்டிருந்தா காலு போயிருக்கும், இந்தப் படமும் இங்க இருக்காது”ன்னாரு. நான் வாய மூடிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நடந்தது ஊரறிஞ்ச கதை. 1963ல ஹென்னெசின்னு ஒரு பெரிய ரேஸ்ல தரை வழுக்கி மூணாவது, ஜெயிச்சது மில் ஹவுஸ், இங்கிலாந்துக்காரங்க தலையில தூக்கி வெச்சு ஆடுன மலை மாதிரி குதிரை, அதையும் குட்டியில பழக்குனது இதே பேட் டாஃப்தான். 1964ல செல்ட்டன்ஹாம்லயே பெரிய ரேஸான கோல்ட் கப்ல அதே மில் ஹவுஸ அஞ்சு நீளத்துல அடிச்சது, 65ல இருபது, 66ல முப்பது. போட்டி சமமா இருக்கணும்னு கெட்டிக்காரக் குதிரை மேல வெயிட் ஏத்துவாங்க, அயர்லாந்துல அந்த வெயிட் போடுறவங்களுக்கே தலைவலி, ஆர்க்கிள் ஓடுனா ஒரு லிஸ்டு ஓடலேன்னா இன்னொரு லிஸ்டுன்னு விதியவே மாத்துனாங்க. ரேஸ் குதிரைங்களுக்கு மார்க் போடுற டைம்ஃபார்ம் கணக்குல 212, இன்னிக்கு வரைக்கும் எந்த ஸ்டீபிள்சேஸ் குதிரையும் அதத் தொடல, பக்கத்துல வந்தது அதே லாயத்து ஃப்ளையிங்போல்ட் 210. எல்லாருக்கும் தெரிஞ்ச கிராண்ட் நேஷனல்ல ஏன் ஓடலன்னு கேட்டேன், அடிபட்டுரும்னு சீமாட்டி விடவே இல்லையாம். ரெட் ரம்ங்கற குதிரை மூணு தடவ அத ஜெயிச்சிருக்கேன்னு சும்மா கொளுத்திப் போட்டேன், மாஸ்டர் ரெண்டு நாள் என்கூட சரியாப் பேசல.

குளம்பு விஷயத்துல ஏன் இவ்வளவு கறார்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. 1966 டிசம்பர் 27, கெம்ப்டன்ல ஓடிட்டிருக்கும்போதே ஆர்க்கிளுக்கு குளம்புக்குள்ள இருக்குற எலும்பு ஒடஞ்சு போச்சு, அந்த ஒடஞ்ச எலும்போடயே ஓடி ஒரே ஒரு நீளத்துல ரெண்டாவது வந்துச்சு. அதான் கடைசி ரேஸு. 35 ரேஸ்ல 27 ஜெயிச்ச குதிரை. 1970 மே 31ல வலி தாங்காம தவிக்குறதப் பாக்க முடியாம ஊசி போட்டுட்டாங்க, எலும்புக்கூடு அயர்லாந்து நேஷனல் ஸ்டட் மியூசியத்துல இருக்கு.

தீனி விஷயம் ஒரு ஜாலியான சங்கதி. ஆர்க்கிளுக்கு ஓட்ஸ்ல பச்சை முட்டை ஒடச்சு ஊத்தி, கூட கின்னஸ் பீரும் ரெண்டு பாட்டில் கலந்து வெப்பாங்களாம். இங்க முட்டையும் இல்ல பீரும் இல்ல, ராத்திரி ஊறவெச்சு வேகவெச்ச கொள்ளு, தவிடு, கொஞ்சம் உப்பு, மத்ததெல்லாம் காஞ்ச புல்லு. கையப் போட்டுப் பாத்தேன், புழுவோ பூஞ்சை வாசனையோ இல்ல. குதிரை விலா எலும்பு தெரியல, தோல் பளபளன்னு இருக்கு. இத சொல்றதுக்குக் காரணம், வேற ஒரு ஊர்ல ஒரு எடத்துல வார் உரசி முதுகுல புண்ணோட இருந்த குதிரை மேலயே பிள்ளைங்கள ஏத்துனதப் பாத்திருக்கேன். இங்க மாஸ்டர் கிளாஸ் முடிஞ்சதும் சேணத்தக் கழட்டி உள்ளங்கையால முதுகத் தடவிப் பாத்துட்டுத்தான் லாயத்துல கட்டுறாரு.

பொண்ணு இப்ப தரையில போட்ட தைலமரக் கட்டைங்க மேல குதிரைய நடத்துற வரைக்கும் வந்திருக்கா. கட்டைங்களுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு மாஸ்டர் காலடி வெச்சு அளக்குறாரு, குதிரைக்குக் குதிரை மாறும். அடுத்து கட்டையோட ஒரு முனைய பழைய டயர் மேல தூக்கி வெப்பாங்க, அப்புறம் ரெண்டு முனையும். குதிரைங்கள்ல ஒரு கிழடு இருக்கு, பிள்ளைங்க தாத்தான்னு கூப்பிடுவாங்க, அது கட்டையில குளம்பு பட்டா அதுவே நின்னு திரும்பிப் பாக்கும், கத்துக்க அதவிட நல்ல குதிரை கெடைக்காது, அது கெடைக்குற மாதிரி கேட்டு வாங்குங்க.

கொறைங்களும் இருக்கு. ஹெல்மெட் பொதுவானது, வேர்வை நாத்தம் தாங்காது, சொந்தமா ஒன்னு வாங்கிடுங்க. பெத்தவங்க உக்கார நிழல் கிடையாது, ஒரு புங்கமரம் அதுக்கடியில எல்லாரோட வண்டியும். பாத்ரூம் சுமார்கூட இல்ல, பொம்பளப் பிள்ளைங்க வீட்லயே போயிட்டு வர்றது நல்லது. சிக்னல் கிடைக்காததால ஜிபே போகாது, பணமா எடுத்துட்டுப் போங்க. பனிக்காலத்துல காலையில ஆறு மணி கிளாஸ்னா ஓசூர் குளிரு தெரியுமில்ல, பத்தடி தள்ளி குதிரை இருக்கறதே தெரியாது, அப்ப கிளாஸ் ஏழுக்குத் தள்ளிப்போகும் ஆனா யாரும் மெசேஜ் போட மாட்டாங்க.

ஃபீஸு பெங்களூர்ல கேட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேல வருது, வராத கிளாஸுக்கு காசு திருப்பித் தரமாட்டாங்க, ஆனா அடுத்த மாசத்துல சேத்துக்குறாங்க. பத்து வயசுக்குக் கீழ எடுக்குறதில்ல. பெரியவங்களும் கத்துக்கலாம், வெயிட் பாத்துட்டு சொல்லுவாரு, என்னயப் பாத்து “மொதல்ல நடைபயிற்சி போங்க சார்”னுட்டாரு. சேக்கறதா இருந்தா மழை பேயாத நாளாப் பாத்து போங்க, கடைசி அரை கிலோமீட்டர் களிமண்ணு, கார் எறங்குனா ஏறாது.