வேலை தெரிந்த கதைகள்: பல ஆண்டுகளாகக் கூடவே இருக்கும் சில படங்களும் நாவல்களும் தொடர்களும்

நல்ல படம் ஒன்று சொல்லுங்கள், நல்ல நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர்கள் பல ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. புதிதாக வருவதையும் பார்க்கிறேன், படிக்கிறேன். ஆனால் அலுத்துக் களைத்து வீடு திரும்பிய இரவில் கை தானாகத் தேடிப் போவது பழைய சிலவற்றைத்தான். அவற்றில் பெரும்பாலானவை, மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்வதைக் கிட்டத்தில் நின்று காட்டுபவை. திடுக்கிடும் திருப்பம் முதல் தடவையோடு தீர்ந்துவிடுகிறது. தொழில் தெரிந்த ஒருவரின் கையும் கண்ணும் நடந்துகொள்ளும் விதம் அப்படித் தீர்வதில்லை. அதனால் இந்த வகையையே பிறருக்கும் சிபாரிசு செய்கிறேன்.

முதலில் எடுத்துக் கொடுப்பது அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’. ஜெமினி ஸ்டுடியோவில் சுமார் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவர் எழுதிய நாவல். சினிமா உலகத்தைப் பற்றியது என்றதும் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எதிர்பார்த்துப் பிரிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களைத் திரட்டுவது, வண்டிக்கு ஏற்பாடு செய்வது, இல்லாத பணத்தை வைத்துக்கொண்டு அன்றைய நாளை ஓட்டுவது, இவைதான் நாவலின் உயிர். தயாரிப்பு நிர்வாகி நடராஜனைப் போன்ற ஒருவர் நம் எல்லோருடைய அலுவலகத்திலும் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படமாட்டார், ஏதாவது தவறினால் எல்லோரும் தேடுவது அவரைத்தான்.

நடிக்க வர மறுக்கும் கதாநாயகியின் வீட்டுக்கே தயாரிப்பாளர் ரெட்டியார் போய்விடும் அத்தியாயத்தை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஒரே அறைக்குள் கோபம், கெஞ்சல், அதிகாரம், பரிதாபம் எல்லாம் மாறி மாறி வந்துபோகும். அதற்குப் பிறகு ரெட்டியாருக்கு என்ன ஆயிற்று என்பதை மற்றவர்கள் பேச்சிலிருந்து நாமே பொறுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதை அறுந்துவிட்டதாகச் சிலர் என்னிடம் குறைப்பட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஒரு கம்பெனி நொடித்துப்போகும்போது அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் செய்தி இப்படித்தான் வந்து சேர்கிறது, டீக்கடையில், பஸ் நிறுத்தத்தில், அரைகுறையாக.

படங்களில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் சொந்தமாக வீடு கட்டத் துணியும் சுதாவாக அர்ச்சனா நடித்திருக்கிறார். அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு மனை, ஒரு கடன், ஒரு வரைபடம், ஒரு காண்டிராக்டர் என்று படம் அடி அடியாக நகர்கிறது. சிமெண்ட் மூட்டை காணாமல் போவதும், கட்டட வேலைக்கு வந்த மங்கம்மா அந்தத் திருட்டை வெளியே சொல்லிவிடுவதும்தான் இதில் பெரிய சண்டைக் காட்சி. அந்த இடத்தில் எனக்கு வரும் படபடப்பு துப்பாக்கிச் சண்டைகளில் வந்ததில்லை.

கட்டட மேற்பார்வை வேலையிலேயே ஆயுளைக் கழித்த என் சித்தப்பாவுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் நடிப்பைப் பற்றியோ விருதைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. “மூட்டையை எண்ணி இறக்காதவன் வீடு கட்டவே இறங்கக் கூடாதுடா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பெண் மங்கம்மாவுக்குக் கூலியை ஏற்றிக் கொடுத்திருக்க வேண்டும்” என்றார். ஒரு படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் கேட்டதில்லை.

சுதாவின் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கக் குடையும் கையுமாகத் தனியே கிளம்பிப் போகிறார். அங்கே அவருக்கு வசனம் கிடையாது. சுவரைத் தடவுகிறார், நின்று பார்க்கிறார். ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பிலிருந்து எடுத்த இளையராஜாவின் இசையைத்தான் படத்தின் பின்னணியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும், கட்டி முடித்த பிறகு பாருங்கள். அக்கறையோடுதான் சொல்கிறேன்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) எல்லோரும் பார்த்த படம்தானே என்று கேட்கலாம். காதலையும் நாகேஷின் வைத்தியையும் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியையும் தாண்டி, நாதஸ்வரக் குழு ஒன்றின் அன்றாடமாக ஒருமுறை பாருங்கள். வாணவேடிக்கையில் கூட்டத்தின் கவனம் சிதறியதும் சிக்கல் சண்முகசுந்தரம் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துவிடுகிறார். கலைஞனின் கர்வம் அது. ஆனால் கூட இருக்கும் தவில்காரரின் முகத்தையும் மற்றவர்களின் முகங்களையும் கவனித்தால், அந்தக் கர்வத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பது புரியும். பாலையாவின் தவில்காரர் இல்லாவிட்டால் அந்தக் குழு ஒரு மாதம் தாங்காது. படத்துக்காக உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் விரலும் அந்த வாசிப்போடு ஒட்டி நிற்பதை, ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மதன்பூர் மகாராஜா வந்த பிறகு படம் இழுக்கிறது. இந்தக் குறை எனக்கு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

ஆனந்த விகடனில் தொடராக வந்த மூல நாவலை எழுதிய கொத்தமங்கலம் சுப்புவும் ஜெமினியில் இருந்தவர்தான். சாவகாசமாகப் படிக்க ஆள் இருந்தால் நாவலையும் கொடுப்பேன். படத்தில் இடம் கிடைக்காத ஊர்களும் சாப்பாடும் பேச்சும் அதில் நிறைய.

தொலைக்காட்சித் தொடர்களில் நான் விடாமல் சொல்வது ஜப்பானின் ‘மிட்நைட் டைனர்’. 2009இல் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் தொடங்கியது. பிறகு நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. டோக்கியோவின் ஒரு சந்தில் நள்ளிரவு 12 மணிக்குத் திறந்து காலை 7 மணி வரை நடக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடை. பலகையில் பன்றி இறைச்சி போட்ட மிசோ சூப்பும் மது வகைகளும் மட்டும்தான் எழுதியிருக்கும். வேறு எது வேண்டுமென்றாலும், சாமான் இருந்தால் செய்து தருவார் கடைக்காரர். அவர் கண்ணில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அது எப்படி வந்தது என்று தொடர் சொல்வதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒவ்வொரு கதையும் அரை மணிக்குள் முடிந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சாப்பாடு. பேர் கிடைக்காத பாடகி ஒருத்தி சூடான சோற்றின் மேல் காய்ந்த மீன் சீவலைத் தூவி, சோயா சாறு ஊற்றித் தரச் சொல்கிறாள். பூனைக்கு வைக்கும் சோறு என்றுதான் அங்கே அதற்குப் பெயர். அதை அவள் சாப்பிடும் வேகத்திலேயே அவளுடைய நிலைமை முழுவதும் தெரிந்துவிடுகிறது. கடைக்காரர் அறிவுரை சொல்வதில்லை. கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறார், தட்டைத் துடைக்கிறார், அடுத்தவருக்குச் சூப் ஊற்றுகிறார். ஆறுதல் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. கதை முடிந்ததும் அன்றைய சாப்பாட்டைச் செய்யும் பக்குவத்தைச் சொல்லிவிட்டு நமக்கு இரவு வணக்கமும் சொல்கிறார்கள். வரிசையாக ஏழெட்டுக் கதைகளைப் பார்த்துத் தீர்த்துவிடாதீர்கள். தூங்குவதற்கு முன் ஒன்று போதும். சில கதைகள் மிகையாக அழவைக்கப் பார்க்கின்றன, அவற்றைத் தாண்டிவிடலாம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கிராமங்களில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவரின் கதையான ‘ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ தொடரையும் இதோடு சேர்ப்பேன். 2020இல் தொடங்கிய புதிய வடிவத்தைத்தான் நான் பார்த்தேன். மாடு வளர்த்துப் பழகிய என் அம்மா, மொழி புரியாமலேயே, கன்று ஈனும் காட்சியில் மருத்துவருக்கு முன்னால் “காலைத் திருப்பு, காலைத் திருப்பு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிய நாவலுக்குத் தயாராக இருப்பவர்களுக்கு ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). ஆமந்துறை என்ற பரதவர் கிராமத்தின் மூன்று தலைமுறைகள். 1985இல் கடலில் தத்தளிக்கும் மூன்று பேர் கதைக்கு நடுவே திரும்பத் திரும்ப வருகிறார்கள். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மீனின் பெயர் என்று முதல் நூறு பக்கம் திணறவைக்கும். சொல்லகராதி கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஓட வேண்டாம். படித்துக்கொண்டே போனால் எந்தக் காற்றில் கட்டுமரம் தள்ளலாம், எதில் கூடாது என்பது நமக்கே பிடிபடத் தொடங்கும். சாவுகள் அதிகம், அடிதடியும் அதிகம். மனது சரியில்லாத நாட்களில் எடுக்காதீர்கள்.

அவ்வளவு பெரிதாக வேண்டாம் என்பவர்களுக்குப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ இருக்கிறது. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் கதை. கூளையனும் அவன் கூட்டாளிகளும் விளையாடிக்கொண்டே ஆட்டின் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள், வைத்தே ஆக வேண்டும். ஓர் ஆடு வெள்ளாமையில் வாய் வைத்தால் என்ன நடக்கும் என்ற பயம் விளையாட்டுக்குள்ளும் கூடவே இருக்கும். பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பெரியவர்கள் முதலில் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், ஒரு மாலைப் பொழுதுதான் இருக்கிறது என்பவர்கள் ‘வீடு’ பார்க்கட்டும். ரயில் பயணம் வரப்போகிறது என்பவர்கள் ‘கரைந்த நிழல்கள்’ எடுத்துக்கொள்ளட்டும், பக்கங்கள் குறைவு, பையில் கனக்காது.