மடக்கும் பாய்மரப் படகு: மண்டபம் கரையில் சில ஆண்டுகளுக்குப் பிறகு

பாய்மரத்தின் அடியில், மரத்தை மடக்க உதவும் கீல் பட்டையின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துபோனதால், அதை இராமநாதபுரத்து லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து, சென்ற மாதம்தான் புதிதாகச் செய்து மாட்டினேன். அதே வாரத்தில் தூத்துக்குடி நண்பர் ஒருவர், இதே வகைப் படகு ஒன்று விலை நன்றாகக் குறைந்து விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. 20 அடி ஃபைபர் உடல், ஆழத்துக்கு ஏற்பத் தூக்கி இறக்கும் நடுப்பலகை, பொலிரோவின் பின்னால் இழுத்துப் போகக்கூடிய டிரெய்லர் என்ற விவரங்களெல்லாம் கேட்கிறவருக்குத் தெரியும். ஆகவே பாய்மரத்தை ஏற்றுவதையும் இறக்குவதையும் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தப் படகோடு எனக்குள்ள பிணக்கு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மண்டபத்தில் படகு வைத்திருப்பவருக்கு வாசலில் இரண்டு கடல்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளித்துக் கிடக்கும்போது வடக்கே பாக் விரிகுடா பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடை தொடங்கிவிட்டால் வடக்குக் கடல் கெட்டு, தெற்குக் கடல் இணங்கும். ஆண்டு முழுவதும் பாய் விரிக்க வேண்டுமென்றால் காற்று மாறும்போது படகையும் மாற்றியாக வேண்டும். நீர்வழியே போவதென்றால் பாம்பன் கால்வாய்தான் வழி. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் வரை எழும்பும் என்றாலும், என்னுடைய 20 அடிப் படகுக்காக அதை யாரும் தூக்கப் போவதில்லை. மரத்தை மடக்கிப் படுக்க வைத்துக்கொண்டு, அந்தக் கால்வாயின் நீரோட்டத்தில் ஒரு சிறிய மோட்டாரை மட்டும் நம்பிப் பாலத்தூண்களுக்கிடையே நுழைய எனக்கு மனம் ஒப்பவில்லை. தரை வழியே போனாலோ ஒரு கரையிலிருந்து மறு கரை கூப்பிடு தூரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மரத்தை இறக்கி, படகை டிரெய்லரில் ஏற்றி, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, மறுபுறம் இறக்கிவிட்டால் அன்று மாலையே வேறு கடலில் இருக்கலாம். இந்த வசதிக்காகத்தான் இந்தப் படகை வாங்கினேன்; இந்த வசதியை அது இன்றுவரை தரத் தவறியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிப் பிணக்குக்கு வருகிறேன். பாய்மரம் அலுமினியம், ஏழரை மீட்டர் நீளம், கம்பிகளோடு சேர்த்து ஏறக்குறைய 22 கிலோ. தோளில் வைத்து நடக்க இது ஒரு பாரமே அல்ல. ஆனால் அடி கீலில் மாட்டியிருக்க, மரம் படகின் பின்பக்கமாகப் படுத்திருக்கும் நிலையில், அதன் பாரம் முழுவதும் கீலிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. படகின் முன்முனையான அணியத்திலிருந்து ஒரு கயிற்றை மரத்தின் மேற்பகுதியில் கட்டி நேராக இழுத்தால், கயிறு மரத்தோடு ஒட்டியே கிடப்பதால் இழுவை எல்லாம் கீலை நசுக்கப் போகுமே தவிர மரம் எழும்பாது. அதனால்தான் மரத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக இரண்டு மீட்டர் நீளத் துணைக்கழி ஒன்றை மாட்டி, அதன் நுனி வழியாகக் கயிற்றை அணியத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அப்போது தொடக்க இழுவை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான்கு மடங்குக் கப்பி போட்டால் உராய்வையும் சேர்த்துக் கைக்கு வருவது 20 கிலோ அளவுதான். மரம் நிமிர நிமிர அந்தப் பாரமும் குறைந்துகொண்டே போகும். படகோடு வந்த துணைக்கழியும் கப்பியும் இந்த வேலையைக் குறையில்லாமல் செய்கின்றன. ஒருவரே 15 நிமிடத்தில் மரத்தை நிமிர்த்திவிடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது, தூக்குகிற வேலையை மட்டும் கணக்கிட்டால், பொய்யல்ல.

மரம் மேலே எழும்பும்போது பக்கவாட்டில் அதை யார் பிடிப்பது என்பதைத்தான் விளம்பரம் சொல்லவில்லை. பாய்மரம் நிமிர்ந்து நிற்கையில் இருபுறமும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கும் கம்பிகள், படகின் விளிம்பில் கீலுக்கு நேராக மாட்டப்படவில்லை. ஒரு சாண் பின்னால் தள்ளி மாட்டப்பட்டிருக்கின்றன. மரம் பின்னோக்கிச் சாயும்போது அதன் உச்சி கம்பிகள் மாட்டிய இடங்களை நெருங்குவதால் கம்பிகள் தொய்ந்துவிடுகின்றன. பாதி வழியில், அதாவது 45 பாகைச் சாய்வில், தொய்வு ஒரு சாணுக்குக் குறையாது. கேட்பதற்கு இது சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் ஏழு மீட்டர் நீளக் கம்பி, படகின் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் அவ்வளவு தொய்வு என்பது மரத்தின் உச்சி இடமும் வலமும் ஒரு மீட்டருக்கு மேல் ஆடலாம் என்பதற்குச் சமம். அந்த ஆட்டத்தின் திருகல் முழுவதையும் தாங்குவது அடியில் இருக்கும் ஒற்றை போல்ட். கீல் துளை நீள்வட்டமானது இப்படித்தான். பட்டறைக்காரர் பழைய பட்டையை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, துளையின் இடது வலது ஓரங்கள் மட்டும் பளபளத்து மெலிந்திருப்பதையும் மேலும் கீழும் உலோகம் அப்படியே இருப்பதையும் விரலால் தடவிக் காட்டினார். கடலில் பாய் இழுத்த பாரத்தால் வந்த தேய்வாக இருந்தால் இப்படி ஓரம் பார்த்துத் தேய்ந்திருக்காது.

இதைப் படகு கட்டியவரின் அறியாமை என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். நியாயம் இடம் கொடுக்கவில்லை. கம்பிகளைப் பின்னால் தள்ளி மாட்டியதால்தான் மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியே இந்தப் படகுக்குத் தேவைப்படாமல் போயிற்று. பக்கக் கம்பிகளே மரம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. பின்கம்பி இல்லாததால் பெரிய பாயின் மேல்பகுதியை அகலமாக வைக்க முடிந்திருக்கிறது; பாக் விரிகுடாவின் இளங்காற்றில் இந்தப் படகு நகர்வதற்கு அந்த அகலம்தான் காரணம். கடலில் சரியாக இருக்கும் ஓர் ஏற்பாடு கரையில் வந்து தொல்லை கொடுக்கிறது. அப்படி ஓர் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தவர், டிரெய்லரில் வைத்து விற்கிற படகில், மரம் பக்கவாட்டில் ஆடாமலிருக்க இரண்டு துணைக்கயிறுகளைச் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் தனியாக விலை வைத்து விற்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தத் துணைக்கயிறுகளுக்கு இருக்கும் ஒரே நிபந்தனை, அவை படகில் மாட்டும் புள்ளிகள் கீலின் அச்சுக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்பது. அப்படி இருந்தால் மரம் எந்தச் சாய்வில் இருந்தாலும் கயிற்றின் நீளம் மாறாது, தொய்வும் வராது. இந்தப் படகில் கீல் இருப்பது, படகின் அறைக்கூரைமேல்; பக்கத்துத் தளமோ அதைவிட ஒரு முழம் தாழ்வு. ஆகவே அந்த உயரத்துக்கு இருபுறமும் 316 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாயில் இரண்டு குத்துக்கால்கள் செய்து நிறுத்தினேன். அவற்றை நிறுத்திய பிறகு மரம் ஆடுவது அறவே நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவற்றை மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஆகும் நேரம், மரத்தைத் தூக்க ஆகும் நேரத்தைவிட அதிகம். கழற்றாமல் விட்டாலோ, முன்பாயின் கயிறு படகு திரும்பும்போதெல்லாம் அவற்றில்தான் போய்ச் சிக்கும்.

மணலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிமெண்ட் சாய்தளத்தில் நிற்கும் டிரெய்லரும் நம் கடற்கரையில் நிற்கும் டிரெய்லரும் ஒன்றல்ல. ஒரு சக்கரம் நாலு விரல் புதைந்தால் படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த படகில் எழும்பும் மரம், துணைக்கயிறு இருந்தாலும், எதிர்ப்பக்கத்துக் கயிற்றின் மேலேயே பாரத்தையெல்லாம் போடும். சக்கரத்துக்கடியில் பனஞ்சட்டங்கள் போட்டு, பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைப் படகின் குறுக்கே படுக்கவைத்து மட்டம் பார்த்த பிறகுதான் நான் கயிற்றைத் தொடுகிறேன். காற்று பக்கவாட்டில் வந்தால் டிரெய்லரைத் திருப்புவதைத் தவிர வேறு வழியில்லை. கச்சான் மாதங்களில் விடியற்காலையிலேயே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு காற்று கொடுக்கும் தள்ளு, மேலே சொன்ன கிலோ கணக்கையெல்லாம் செல்லாக்காசாக்கிவிடும்.

மின்கம்பி விஷயத்தில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது. டிரெய்லர் மேல் நிற்கும் படகில் மரம் நிமிர்ந்தால் உச்சி தரையிலிருந்து 9 மீட்டரைத் தாண்டிவிடும்; ஊர்த் தெருக்களில் ஓடும் கம்பிகள் அதைவிடத் தாழ்வானவை. அமெரிக்காவில் ஹோபி கேட் என்ற இரட்டை உடல் பாய்ப்படகுகளின் பாய்மர உச்சியை மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்யத் தொடங்கியதற்குக் காரணமே அலுமினிய மரம் மின்கம்பியில் பட்டு நேர்ந்த சாவுகள்தாம். நிமிர்ந்த மரத்தோடு டிரெய்லரை ஓரடிகூட நகர்த்தக் கூடாது. மேலே பார்க்காமல் கப்பிக் கயிற்றை இழுக்கக் கூடாது.

நான் குத்துக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், வலையை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எங்க வள்ளத்துல பாய எறக்குனா வேலை முடிஞ்சுது. நீங்க என்னடான்னா மரத்தையே படுக்க வைக்கிறீகளே தம்பி?” என்றார். அவர் கேட்டதில் பெரிய உண்மை இருக்கிறது. வள்ளத்துப் பாய்க்கு உயரம் கொடுப்பது மரமல்ல, பாயோடு சேர்ந்து மேலே போகும் பருமல் என்ற நீண்ட கழி. ஆகவே மரத்தைக் குட்டையாக வைத்துக்கொள்ள முடிகிறது. இருபுறமும் எஃகுக் கம்பியோ, கம்பியை முறுக்கி விறைப்பாக்கும் டர்ன்பக்கிளோ இல்லாமல் கயிற்றாலேயே நிறுத்த முடிகிறது. வேண்டாதபோது ஆளிருந்தால் கையாலேயே பிடுங்கிப் படகுக்குள் போட்டுவிட முடிகிறது. அந்த மரம் படகைவிட நீளமில்லாததால் கரையில் இழுத்துப் போட்ட பிறகும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. என் படகின் மரம் மடங்கிக் கிடக்கும்போது பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்குச் சிவப்புத் துணி கட்டாமல் சாலையில் ஏற முடியாது.

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். கம்பிகளைப் பூட்டும் பின்களின் வளையங்கள் மணலில் விழுந்தால் கிடைக்காது. வலை பின்னும் நைலான் நூலால் ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே கட்டிவைத்திருக்கிறேன். டர்ன்பக்கிளின் மரையில் மணல் ஏறினால் எஃகோடு எஃகு கவ்விக்கொண்டு பிறகு எந்த ஸ்பேனருக்கும் அசையாது. உடல் வெண்கலத்தில் உள்ளதாக மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மரம் எழும்பும்போது டர்ன்பக்கிள் குறுக்கே நின்று வளைகிறதா என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அலுமினிய மரத்தில் எஸ்.எஸ். போல்ட் தொடும் இடமெல்லாம் உப்பு அரிக்கும். நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்று கையேட்டில் எழுதியவருக்கு இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீரின் அருமை தெரிந்திருக்காது. எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்றும் உண்டு. உச்சி விளக்கோ, அங்குள்ள கப்பிச் சக்கரமோ பழுதானால் மரத்தைப் படுக்கவைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நிழலில் சரிசெய்துவிடலாம். நிலையான மரம் வைத்திருப்பவர்கள் அதற்கு ஆளை மேலே ஏற்ற வேண்டும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான படகு எனக்குத் தெரிந்தவரை இல்லை. நான் விற்கப் போவதும் இல்லை. ஆனாலும் தூத்துக்குடி நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இருப்பது ஒரே கடல். மரத்தை ஏற்றி வைத்தபடியே படகை மிதக்கவிட இடமும் இருக்கிறது. மடக்கும் வசதிக்கு விலை கொடுத்துவிட்டு அதன் தொல்லையை மட்டும் அனுபவிக்க அவருக்கு என்ன தலையெழுத்து? இதைப் பட்டறைக் கூலி கொடுத்த கை காய்வதற்குள் எழுதுகிறேன் என்பதையும் அவர் கணக்கில் கொள்ளட்டும். வாடை பிறந்து, படகைத் தெற்குக் கடலுக்கு மாற்றி, புதிய கீல் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மறுபடியும் கேட்டால், நான் வேறு பதிலும் சொல்லக்கூடும். அதற்குள் அந்தப் படகு விலை போயிருந்தால் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.