வேபேக் மெஷின்: மறைந்த இணையப் பக்கங்களுக்கான சேவையும் அதைச் சுற்றியுள்ள விதிகளும்

இணையத்தில் ஒரு செய்தி ஓசையின்றித் திருத்தப்பட்டாலோ, ஒரு நிறுவனம் தன் தனியுரிமைக் கொள்கையை இரவோடு இரவாக மாற்றிக்கொண்டாலோ, முன்பு அங்கே என்ன எழுதியிருந்தது என்று நிறுவுவதற்குச் சாதாரண வாசகருக்கு இருக்கும் வழிகள் மிகக் குறைவு. ஸ்கிரீன்ஷாட்டை யாரும் திருத்திவிடலாம் என்பதால் அது எதிர்த்தரப்பை ஏற்கவைக்காது. கூகுள் தன் தேடல் முடிவுகளோடு தந்துவந்த சேமிப்புப் பிரதிகளுக்கான இணைப்பை 2024 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துக் காட்டும் வேபேக் மெஷினுக்குச் செல்லும் இணைப்பைத் தன் பக்கங்களில் சேர்த்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே கைகாட்டி அனுப்பும் இடமாக ஓர் இலாப நோக்கற்ற அமைப்பின் சேவை ஆகிவிட்டதால், அது எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது, சட்டங்கள் அதை எப்படி நடத்துகின்றன என்பவற்றைச் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் பகுதிதான் வேபேக் மெஷின். சேகரிப்பு 1996இலேயே தொடங்கினாலும், பொதுமக்கள் பார்ப்பதற்காக அது 2001இல்தான் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அதன் சேமிப்பு ஒரு லட்சம் கோடிப் பக்கங்களை எட்டியது. பார்ப்பதற்குக் கட்டணமோ கணக்கோ தேவையில்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பின் திறக்க முடியாமல் போயிருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விக்கிப்பீடியாவின் அடிக்குறிப்புகளில் செத்துப்போன இணைப்புகளுக்குப் பதிலாக இந்தச் சேமிப்பின் பிரதிகளைத் தானியங்கி நிரல் ஒன்று பொருத்திவருகிறது. 2018க்குள்ளேயே இப்படி மீட்கப்பட்டவை 90 லட்சத்தைத் தாண்டின.

பயன்படுத்தும் முறை எளிதானது. தேட வேண்டிய முகவரியை இட்டதும் ஆண்டுவாரியாக ஒரு நாள்காட்டி விரியும். நீல வட்டம் இருக்கும் தேதியில் பக்கம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. பச்சை என்றால் வேறு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆரஞ்சும் சிவப்பும் பிழைகள். பதிவான ஒவ்வொரு பிரதியின் முகவரியிலும் 14 இலக்கங்கள் இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் அமைந்த அந்த இலக்கங்கள் உலகப் பொது நேரத்தைக் குறிப்பவை என்பதை மேற்கோள் காட்டும் பலரும் கவனிப்பதில்லை. உள்ளூர் நேரமாக நினைத்துப் படித்தால் தேதியே ஒரு நாள் மாறிவிடக்கூடும்.

என் பார்வையில் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி, இரண்டு தேதிகளின் பிரதிகளை அருகருகே வைத்து, நீக்கிய வரிகளையும் சேர்த்த வரிகளையும் வண்ணமிட்டுக் காட்டும் ஒப்பீட்டு வசதி. கூகுள் நிறுவனத்தின் நடத்தை விதிகளுக்கான முன்னுரையில் பல ஆண்டுகளாக இருந்த ‘தீயவராக இராதீர்’ என்ற பொருள்கொண்ட வாசகம், 2018 ஏப்ரல் 21 அன்று சேமிக்கப்பட்ட பிரதியில் இருந்தது. மே 4 அன்று சேமிக்கப்பட்ட பிரதியில் இல்லை. ஆவணத்தின் கடைசி வரியில் மட்டும் அது எஞ்சியிருந்தது. மாற்றம் எந்த இரு வாரங்களுக்குள் நடந்தது என்பதை வெளியாட்கள் சொல்ல முடிந்ததற்கு இந்தச் சேமிப்பே காரணம். ஊடகங்களையும் தொழில்நுட்ப நிறுவனங்களையும் ஒழுங்குபடுத்துவது பற்றி நாம் எவ்வளவு பேசினாலும், அவர்கள் நேற்று என்ன சொன்னார்கள் என்பதற்கான சான்று அவர்களிடம் மட்டுமே இருக்கும்வரை அந்தப் பேச்சுக்குப் பலம் இல்லை.

ஆகவே முக்கியமான ஒரு பக்கத்தைக் கண்டால், இணையத்தைச் சுற்றிவந்து பக்கங்களைப் பிரதியெடுக்கும் தானியங்கி நிரல் எப்போதாவது வந்து சேமிக்கும் என்று காத்திருக்காமல், முகப்பிலேயே உள்ள ‘சேவ் பேஜ் நவ்’ பெட்டியில் முகவரியை இட்டு உடனே சேமித்துவிடுவது நல்லது. கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொண்டால் அந்தப் பக்கத்திலிருந்து கிளைக்கும் இணைப்புகளையும் சேர்த்துச் சேமிக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. உள்நுழைந்த பிறகே தெரியும் பக்கங்கள் இதில் சேர்வதில்லை. கீழே நகர்த்த நகர்த்த விரியும் சமூக ஊடகப் பக்கங்கள் பெரும்பாலும் முதல் சில பதிவுகளோடு நின்றுவிடுகின்றன. காணொளிகள் பல நேரங்களில் வெற்றுச் சட்டங்களாகவே எஞ்சுகின்றன. இவற்றைவிடக் கவனிக்க வேண்டிய குறை வேறொன்று உண்டு. ஒரு பக்கத்தின் எழுத்து ஒரு நாளிலும், அதில் உள்ள படம் வேறொரு மாதத்திலும் சேமிக்கப்பட்டிருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், எக்காலத்திலும் யாரும் பார்த்திராத ஒரு பக்கத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. பழைய பிரதி ஒன்று திரையில் தோன்றும் விதத்தைப் பின்னாளில் வெளியிலிருந்து மாற்ற முடியும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் செய்து காட்டினார்கள். பிரதியின் மேற்பட்டையில் உள்ள விவரக்குறிப்பைத் திறந்தால் ஒவ்வொரு உறுப்பும் எப்போது பதிவானது என்று தெரியும். அதைப் பார்க்காமல் ஒரு பழைய பக்கத்தைச் சான்றாக முன்வைப்பவரை நான் நம்பமாட்டேன்.

சட்டங்கள் இந்தச் சேவையை நடத்தும் விதத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். 2015இல் ரஷ்யாவின் ஒழுங்குமுறை அமைப்பு, தீவிரவாத உள்ளடக்கம் என்று வகைப்படுத்திய ஒரே ஒரு பக்கத்துக்காக இதற்குத் தடை விதித்தது. எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க முறையில் இயங்கும் தளத்தில் வாசகர் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியாது, தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். எனவே ஒரு பக்கத்தை மறைக்கச் சொன்ன உத்தரவு முழுச் சேமிப்பையும் மூடுவதில் முடிந்தது. 2017 ஆகஸ்டில் இந்தியாவில் நடந்ததும் இதற்கு வெகுதூரமில்லை. திரைப்பட நிறுவனங்கள் திருட்டுப் பிரதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவுகளின் பட்டியலில் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அவற்றோடு இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து முடங்கியது. படைப்பாளிகளின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தடை கேட்பவர் எந்தக் கோப்பு, எந்த முகவரி என்று குறிப்பிட வேண்டும்; தடைக்கு முன் தளத்தை நடத்துபவருக்கு அறிவிப்பு போக வேண்டும். இவ்விரண்டையும் விதிகள் கட்டாயமாக்காத வரையில், ஒரு புத்தகத்துக்காக நூலகத்தையே பூட்டும் காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்.

மறக்கப்படும் உரிமை இதிலிருந்து வேறுபட்டது. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1998இல் ஒரு செய்தித்தாளில் வந்த அறிவிப்பைக் கூகுள் தேடலில் ஒருவருடைய பெயரோடு இணைத்துக் காட்டுவதை நீக்கச் சொன்னது. செய்தித்தாளின் பக்கம் அப்படியே இருந்தது. இந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன். ஒருவருடைய பழைய கடனோ நோயோ அவர் பெயரைத் தட்டியதும் வந்து நிற்கக் கூடாது. அதே வேளையில் அன்று அச்சான செய்தி அச்சாகவே இல்லை என்றும் ஆகிவிடக் கூடாது. தனிமனிதர்கள் தங்களைப் பற்றிய பக்கங்களை நீக்கக் கோரினால் வேபேக் மெஷின் பரிசீலிக்கிறது, அது சரிதான். அரசு அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களும் அதே வாசலில் வந்து நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தானியங்கி நிரல்கள் எந்தப் பக்கங்களை எடுக்கக் கூடாது என்று சொல்லத் தளத்தின் உரிமையாளர் இடும் ரோபாட்ஸ் கோப்பு வேறொரு சிக்கல். ஒரு முகவரி காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனதும், புதியவர் இட்ட தடையால் பழைய உரிமையாளரின் முழு வரலாறும் மறைந்துபோகும் நிலை நெடுங்காலம் இருந்தது. இத்தகைய கோப்புகளைப் பின்பற்றுவதைக் குறைத்துக்கொள்வதாக இன்டர்நெட் ஆர்க்கைவ் 2017இல் அறிவித்ததை நான் வரவேற்கிறேன். இப்போது தடை வேறு வழியில் வருகிறது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சேமிப்பின் வழியாகத் தங்கள் தளத்தின் பதிவுகளை அள்ளிச் செல்கின்றன என்று காரணம் காட்டி, முகப்புப் பக்கத்தைத் தவிர மற்றவற்றைச் சேமிக்க விடமாட்டோம் என்று 2025 ஆகஸ்டில் ரெடிட் என்ற விவாதத் தளம் அறிவித்தது. அள்ளிச் செல்பவர்களோடு வழக்காடாமல் சேமிப்பவரின் கதவை அடைப்பது, நாளை வரலாறு எழுதப்போகிறவர்களைத்தான் தண்டிக்கிறது.

இவ்வளவு பெரிய பொறுப்பு ஒரே அமைப்பின் தோளில் இருப்பது ஆபத்தானது. 2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் விவரங்கள் வெளியேறின. சேவை நாட்கணக்கில் முடங்கியது. பார்வைக்குத் திரும்பிய பின்னும், புதிய பக்கங்களைச் சேமிக்கும் வசதி சில வாரங்கள் இல்லை. அதற்கு முந்தைய மாதம்தான், மின்னூல்களை இரவல் கொடுத்தது தொடர்பாக நான்கு பதிப்பகங்கள் 2020இல் தொடுத்த வழக்கின் மேல்முறையீட்டில் அந்த அமைப்பு தோற்றிருந்தது. பிரிட்டனில் 2013 முதல், வெளியீடுகளின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் உரிமையுள்ள நூலகங்கள் நாட்டின் இணையதளங்களைச் சேமிக்கச் சட்டமே வழிசெய்கிறது. ஆயினும் அவ்வாறு சேமித்தவற்றில் பெரும்பகுதியை அந்நூலகங்களின் வளாகத்துக்குள் சென்றுதான் பார்க்க முடியும். சட்டப் பாதுகாப்பு உள்ள சேமிப்பை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, வீட்டிலிருந்து பார்க்க முடிகிற சேமிப்புக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இரண்டையும் ஒன்றுசேர்க்கும் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் வர வேண்டும்.

இந்தச் சேவையிடம் நேரடியாகக் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. விலக்கப்பட்ட ஒரு முகவரியைத் தேடினால், அது வேபேக் மெஷினிலிருந்து விலக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டுமே வருகிறது. கேட்டவர் தனிமனிதரா, நிறுவனமா, அரசா, நீதிமன்றமா என்று தெரிவதில்லை. சட்டக் காரணத்தால் காட்ட இயலாத பக்கங்களுக்கென்று தளம் உலாவிக்கு அனுப்பும் 451 என்ற நிலைக் குறியீடு 2016 முதல் இணையத் தரங்களில் இருக்கிறது. தடைக்குக் காரணமான சட்டக் கோரிக்கையின் விளக்கத்தை அதோடு சேர்த்துத் தர வேண்டும் என்று அந்தத் தரமே பரிந்துரைக்கிறது. தனிமனிதர்களின் பெயர்களை மறைத்துவிட்டு, மற்ற விலக்கல்களுக்கு அந்த விளக்கத்தையும், விலக்கிய தேதியையும், கோரியவர் எவ்வகையினர் என்பதையும் வெற்றுப் பக்கத்திலேயே அச்சிடுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.