கையில் ஒரே நாள்: சியானா, பிங்யாவா?

பெய்ஜிங்கிலிருந்து தென்மேற்கே ரயில் ஏறுகிற பலருக்கும் வருகிற குழப்பம்தான் இது. பழைய சீன நகரம் ஒன்றைக் காலையிலிருந்து இருட்டும்வரை நடந்தே பார்க்க ஆசை, ஆனால் இருப்பது ஒரு நாள். சியானுக்குப் போவதா, பிங்யாவுக்கா? இரண்டிலும் மதில் உண்டு, இரண்டுமே மிங் ஆட்சியின் தொடக்கத்தில், 1370-களில் எழுந்த மதில்கள்தான். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனால் கதையே வேறு. நடக்க மட்டும்தான் என்றால் என் ஓட்டு பிங்யாவுக்கு.

சியானின் மதில் பிரமாண்டம், அதில் சந்தேகமே இல்லை. சுற்றளவு கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர், மேல்தளம் ஒரு அகலமான சாலை அளவுக்கு இருக்கும், அங்கேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நடந்து சுற்றினால் அரை நாள் அதிலேயே போய்விடும். ஆனால் மேலிருந்து உள்பக்கம் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் இன்றைய நகரம்: அகலத் தெருக்கள், கடை வளாகங்கள், கீழே மெட்ரோ. 1384-இல் கட்டிய மணிக்கோபுரம் வாகனங்கள் சுற்றிச் சுற்றி ஓடுகிற ரவுண்டானாவுக்கு நடுவில் நிற்கிறது, சுரங்கப்பாதை வழியாகத்தான் அதை அடைய முடியும். ஒவ்வொரு இடமும் அற்புதம், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியெல்லாம் சாதாரணப் பெருநகரம்.

பிங்யாவில் அந்த வழிதான் விசேஷம். மதில் சுமார் 6 கிலோமீட்டர்தான், அதற்குள் சாம்பல் நிறச் செங்கல் முற்றவீடுகள் ஆயிரக்கணக்கில், இன்னும் குடித்தனங்களோடு இருக்கின்றன. நகர வாசலில் குனிந்து தரையைப் பாருங்கள், பாவிய கல்லில் வண்டிச் சக்கரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் உரசி உரசிப் போட்ட பள்ளங்கள் அப்படியே கிடக்கும், கையை வைத்துத் தடவலாம். தெற்குத் தெருவில் பாதி தூரத்துக்கு நினைவுப்பொருள் கடைகள், எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு, அதைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பிவிடாதீர்கள். பக்கச் சந்து எதிலாவது புகுந்துவிட்டால் போதும், சத்தம் அடங்கிவிடும்.

அப்புறம் ரிஷெங்சாங். மேற்குத் தெருவில் இருக்கும் இந்த வீட்டுக்காகவே பிங்யாவ் போகலாம் என்பேன். சாயக்கடை நடத்தி வந்தவர்கள் 1823-இல் தொடங்கிய உண்டியல் நிறுவனம் இது, அதாவது ஓர் ஊரில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி, இன்னோர் ஊர்க் கிளையில் அதைக் காட்டிப் பணம் பெறுகிற இடம், சீனாவில் முதல் என்று சொல்லப்படுவது. வெள்ளியை மூட்டை கட்டி, காவலுக்கு ஆயுதம் ஏந்திய ஆட்களோடு மலைப்பாதையில் அனுப்பிக்கொண்டிருந்த வியாபாரிகளுக்கு ஒரு காகிதம் போதும் என்று ஆனது இங்கேதான். அந்தக் காகிதத்தை யாராவது போலியாக எழுதிவிட்டால்? அதற்கு வெளிச்சத்தில் பிடித்தால் மறைகுறி தெரிகிற நீரெழுத்துத் தாள், கிளைகள் எல்லாம் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிற குறிப்பிட்ட எழுத்தர்களின் கையெழுத்து, இவற்றோடு ஒரு சங்கேதமும் வைத்தார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு சீன எழுத்துகள், சேர்த்துப் படித்தால் “போலிச் சீட்டு வரும், ஜாக்கிரதை, கையெழுத்தையும் முத்திரையையும் நன்றாகப் பார்க்க மறக்காதே” என்று வரும். கணக்குப்பிள்ளைக்கான எச்சரிக்கையே மாதங்களின் ரகசியப் பெயராகவும் இருந்திருக்கிறது, எப்பேர்ப்பட்ட மூளை!

இதற்குச் சமமாகச் சியானில் ஒன்று சொல்லச் சொன்னால் தெற்கு வாசல் பக்கத்தில் இருக்கும் கல்வெட்டுக் காடு, பேயிலின் அருங்காட்சியகம். 837-இல் செதுக்கி முடித்த கல்நூல்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன: பன்னிரண்டு செவ்வியல் நூல்கள், 114 கற்கள், ஆறரை லட்சம் எழுத்துகள். ஏட்டில் பிழை வந்தால் இந்தக் கல்லைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. கிறிஸ்தவம் சீனாவுக்கு வந்ததைச் சொல்லும் 781-ஆம் ஆண்டுக் கல்லும் இங்கேதான், சீன எழுத்தோடு, மேற்காசியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்கின் எழுத்தும் அதில் உண்டு. காலங்காலமாக மை தடவிப் படியெடுத்ததில் பல கற்களின் முகம் கருகருவென்று மின்னுகிறது. படிக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கருப்பைப் பார்த்தபடி வெகுநேரம் நிற்கலாம். பெரிய மசூதியையும் விடாதீர்கள், குவிமாடமே கிடையாது, முற்றம் முற்றமாகச் சீனக் கோயில் போலவே போகும், ஆனால் முழு வளாகமும் மெக்கா இருக்கும் திசையான மேற்கைப் பார்த்து அமைந்திருக்கும்.

சாப்பாட்டில் சியான்தான், பேச்சே இல்லை. ரொட்டியை நாமே பொடிப்பொடியாகப் பிய்த்துக் கொடுக்க, அதை ஆட்டுக்கறிக் குழம்பில் போட்டுத் தரும் பாவ்மோ ஒன்று போதும். சைவக்காரர்கள் மிளகாய் எண்ணெயும் வினிகரும் ஊற்றிய லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸ் கேட்கலாம். பிங்யாவில் உப்பிட்ட மாட்டிறைச்சி பிரபலம், மற்றபடி அந்த ஊர் இருக்கும் ஷான்ஷி மாகாணத்து வினிகர் எல்லாவற்றிலும் இருக்கும், புளிப்பு பிடிக்காதவர்கள் திண்டாடுவார்கள்.

சீனாவின் முதல் பேரரசர் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர் சிலைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சியான் போங்கள், ஆனால் அது ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் பக்கம், அன்றைக்கு நடைக்கு நேரம் மிஞ்சாது. பிங்யாவ் என்று முடிவு செய்தால் முந்தின நாள் சாயங்காலமே போய் மதிலுக்குள் ஒரு முற்றவீட்டு விடுதியில் தங்குங்கள், பகல் கூட்டம் வருவதற்குள் தெருக்கள் உங்களுக்கே. அதிவேக ரயில் நிற்கிற பிங்யாவ் குச்செங் நிலையம் ஊரை ஒட்டி இல்லை, பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். அங்கிருந்து சியானுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அப்போது இரண்டு ஊருமே வேண்டாம்.