இரண்டு டாலருக்கு ஒரு மலை: ‘லெகஸி ஆஃப் த மூன்ஸ்பெல்’ விரிவாக்கமும் ஆட்டக்காரர்களின் வரவேற்பும்

‘வாம்பயர் சர்வைவர்ஸ்’ என்னும் கணினி விளையாட்டோடு காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதியாக, அதன் முதல் விரிவாக்கமான ‘லெகஸி ஆஃப் த மூன்ஸ்பெல்’ 2022 டிசம்பர் 15 அன்று 1.99 டாலர் விலையில் வெளிவந்தது. அதை வாங்கியவர்கள் சொன்னவற்றைப் படிக்கும்போது கண்ணில் முதலில் படுவது, அவர்களில் பலர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதுதான். ஒரு காப்பி குடிக்கும் செலவில் இவ்வளவு கிடைக்கிறதே என்று வியப்பவர்கள் உண்டு. இந்த விலைக்கு இதில் குறை காண்பது நியாயமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, சொல்ல வந்த குறையை விழுங்கிவிடுபவர்களும் உண்டு. மலிவாக இருப்பதாலேயே ஒரு பொருள் விமர்சனத்திலிருந்து தப்பிவிடுவது எனக்கு உவப்பானதாக இல்லை. ஆகவே விலையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த விரிவாக்கம் மூல ஆட்டத்துக்கு என்ன செய்திருக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

மூல ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு சிறு முன்னுரை தேவைப்படும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கி, தற்செயலாக அமையும் தெரிவுகளோடு ஆடும் ரோக்லைக் வகையின் கூறுகளைக் கொண்ட இந்த விளையாட்டில் ஆட்டக்காரர் செய்ய வேண்டியது நகர்வது மட்டுமே. ஆயுதங்கள் தாமாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கொன்ற பகைவர்கள் உதிர்க்கும் மணிகளைப் பொறுக்கி லெவல் ஏற ஏற, முன்வைக்கப்படும் சில தெரிவுகளிலிருந்து ஒன்றை எடுத்து, ஆறு ஆயுதங்களும் ஆறு துணைப் பொருட்களும் கொண்ட ஒரு தொகுப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான களங்களில் 30 நிமிடம் தாக்குப்பிடித்தால் எமனே நேரில் வந்து ஆட்டத்தை முடித்துவைப்பான். சூதாட்டத் துறையில் நிரலாளராகப் பணியாற்றிய இத்தாலியரான லூக்கா கலான்டே தொடங்கிய இந்த ஆட்டம், 2021 டிசம்பரில் முன்னோட்டப் பதிப்பாக ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் ஏறி, 2022 அக்டோபர் 20 அன்று முழுமை பெற்றது. முதலில் 2.99 டாலராக இருந்த விலை அப்போது 4.99 டாலராக உயர்ந்தது. 2023ஆம் ஆண்டின் பிரிட்டனின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில், ‘எல்டன் ரிங்’ போன்ற பெருஞ்செலவு ஆட்டங்களை முந்திக்கொண்டு சிறந்த விளையாட்டுக்கான விருதையும் இது பெற்றது.

விரிவாக்கத்தை வாங்கியவர்களின் மனநிலையைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியமாகிறது. மூன்று டாலருக்கு வாங்கிய ஓர் ஆட்டத்தில் நூறு மணி நேரத்துக்கும் மேலாகச் செலவிட்டவர்கள், உருவாக்கியவருக்குத் தாம் கடன்பட்டிருப்பதாகவே உணர்ந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் பரிமாறியவர் கையில் அன்புடன் எதையாவது திணித்துவிட்டு வருவதுபோல, இந்த விரிவாக்கத்துக்கான தொகையைக் கொடுத்ததாகப் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். இந்த நன்றியுணர்வில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அன்பளிப்பாகக் கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் யாரிடமும் இல்லாததால், விரிவாக்கத்தைப் பற்றிய நிதானமான மதிப்பீடு அந்தப் பாராட்டு வெள்ளத்தில் அரிதாகவே தலைகாட்டுகிறது.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். எட்டுப் பாத்திரங்கள், 13 ஆயுதங்கள், ஒரு களம், ஆறு இசைத்துண்டுகள் என்பது அறிவிப்பு. இவற்றில் மெகலோ மென்யா, மெகலோ ஸ்யூட்டோ ஆகிய இருவரும் மென்யா, ஸ்யூட்டோ என்னும் பாத்திரங்களின் உருப்பெருத்த வடிவங்களே. அவர்களை விலக்கினால் மீதம் ஆறு பேர். அதுபோலவே 13 ஆயுதங்களில் ஆறு, மற்ற ஆயுதங்கள் உரிய துணைப் பொருளின் உதவியோடு பரிணமித்து அடையும் வலுவான இறுதி வடிவங்கள். ஆக, ஆட்டத்தின் நடுவே புதிதாகக் கைக்கு வரக்கூடிய ஆயுதங்கள் ஏழுதான். இது ஏமாற்று வேலை அன்று. மூல ஆட்டமும் இப்படித்தான் எண்ணிக் காட்டுகிறது. ஆனாலும் பட்டியலைப் பார்த்து எழும் எதிர்பார்ப்பை இந்த எண்ணிக்கை சற்று ஊதிப் பெருக்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம் என்று சில ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

புதிய துணைப் பொருள் ஒன்றுகூட இல்லை என்பதைப் பெரும்பாலானோர் கவனித்ததாகத் தெரியவில்லை. என் பார்வையில் இந்த விரிவாக்கத்தின் மிகச் சுவையான அம்சமே அதுதான். பரிணமிக்கும் புதிய ஆயுதங்கள் எல்லாம் பழைய துணைப் பொருட்களையே நம்பியிருக்கின்றன: சில்வர் விண்டுக்குப் பொம்மரோலா, சம்மன் நைட்டுக்கு டூப்ளிகேட்டர், மிராஜ் ரோபுக்கு அட்ராக்டார்ப், நைட் சோர்டுக்குக் கல் முகமூடி, மில்லே போல்லே புளூவுக்கு ஸ்பெல்பைண்டர். மூல ஆட்டத்தில் பூண்டு ஆயுதம் பரிணமிக்க உதவிய அதே பொம்மரோலா இப்போது இரண்டு ஆயுதங்களுக்குப் பயன்படுகிறது. சாண்டா வாட்டருக்குத் தேவைப்பட்ட அட்ராக்டார்ப் மிராஜ் ரோபையும் தாங்குகிறது. ஃபோர் சீசன்ஸ் என்னும் ஆயுதத்துக்கு மட்டும் கீரை, கேண்டலப்ராடர் என இரண்டு பொருட்கள் வேண்டும். ஆறே இடங்கள் உள்ள ஆட்டத்தில் இரண்டை ஓர் ஆயுதத்துக்கே ஒதுக்குவது ஊதாரித்தனம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கீரை ஃபயர் வாண்டையும் கேண்டலப்ராடர் கோடரியையும் பரிணமிக்கச் செய்பவை. மூன்று ஆயுதங்களையும் சேர்த்து எடுத்தால் இரண்டே பொருட்களில் மூன்று பரிணாமங்கள் கைகூடும். பழைய தொகுப்புகளை மனப்பாடமாக வைத்திருந்த ஆட்டக்காரர், தம் கணக்குகளை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டியதாகிறது. புதிதாகப் பத்துப் பொருட்களைக் கொட்டியிருந்தால்கூட இந்தச் சுகம் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அது டாலரில் கொடுப்பது அன்று. புதிய ஆயுதங்கள் மூன்ஸ்பெல் மலையோடு நின்றுவிடாமல் பழைய களங்களிலும் தெரிவுகளாக வருவதால், லெவல் ஏறும்போது தேடுகிற பொருள் கண்ணில் படும் வாய்ப்பு குறைகிறது. வேண்டாதவற்றை அந்த ஆட்டத்திலிருந்து நீக்கிவைக்கும் வசதி மூல ஆட்டத்திலேயே இருந்தாலும், அதைத் திறந்து மேம்படுத்திக்கொள்ளாத புதியவர்களுக்கு இது எரிச்சலாகவே இருக்கும். திரையைப் பற்றிய முறையீடும் நியாயமானதே. குமிழிகளை ஊதித்தள்ளும் மில்லே போல்லே புளூவையும் 108 போச்சே என்னும் ஆயுதத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு தன் பாத்திரம் எங்கே நிற்கிறது என்பதே ஆட்டக்காரருக்குத் தெரிவதில்லை. இந்த ஆட்டத்தின் கொண்டாட்டமே அந்தக் களேபரம்தான் என்று வாதிடுபவர்களோடு நான் பாதிவரை உடன்படுகிறேன்.

பெயர்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஜப்பானியப் பேய்க்கதைகளில் வரும் யோகாய் என்னும் ஆவிகளையும் ஓனி என்னும் அரக்கர்களையும் எடுத்துக்கொண்ட ஒரு படைப்பில், ஆயுதங்கள், துணைப் பொருட்கள் ஆகியவற்றின் பெயர்கள் சிலவற்றில் இத்தாலிய வாடை அடிக்கிறது. பொம்மரோலா என்பது நேப்பிள்ஸ் நகரத்தார் தக்காளிக் குழம்புக்கு வழங்கும் பெயர்; போச்சே என்பது இத்தாலியத் தெருக்களில் முதியவர்கள் ஆடும் பந்து விளையாட்டு. அந்தப் பந்தைப் பௌத்த ஜெபமாலையின் 108 மணிகளோடு முடிச்சுப் போட்டிருக்கும் குறும்பை, 108 என்ற எண்ணோடு பழகிய நம்மவர்கள் எளிதில் ரசிக்க முடியும்.

எல்லாவற்றையும்விட நான் உயர்வாக மதிப்பது மூன்ஸ்பெல் மலை என்னும் களத்தைத்தான். மூல ஆட்டத்தின் பித்துக்காடு என்னும் களம் எத்திசையிலும் முடிவின்றி நீள்வது. நூலகம் பக்கவாட்டில் மட்டும், கோபுரம் மேலும் கீழும் மட்டும் நீள்வன. எந்தத் திசையில் போனாலும் காட்சி பெரிதாக மாறாததால், நல்ல தொகுப்பு அமைந்துவிட்ட ஆட்டக்காரர் ஓரிடத்தில் நின்றபடியே எஞ்சிய நேரத்தைக் கழித்துவிட முடியும். மூன்ஸ்பெல் மலையிலோ பனி மூடிய சரிவு, கைவிடப்பட்ட ஊர், கோட்டை என்று நிலம் மாறிக்கொண்டே போகிறது. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்ற ஆவல் ஆட்டக்காரரை நடக்கவைக்கிறது; வழி குறுகுமிடத்தில் பகைக்கூட்டம் நெருக்கும்போது, நகர்வது ஒன்றே வேலையாக உள்ள ஆட்டத்தில் அந்த நகர்வுக்கே ஒரு பொருள் வந்துவிடுகிறது. வீழ்ந்துபோன மூன்ஸ்பெல் குலத்தின் கதை இரண்டு வரிகளுக்கு மேல் சொல்லப்படாவிட்டாலும், ஆளில்லாத அந்த ஊருக்குள் நுழையும்போது அது தானாகவே விளங்கிவிடுகிறது. ஆட்டக்காரர்களின் பாராட்டுகளில் விலைக்கு அடுத்த இடம் இந்தக் களத்துக்குக் கிடைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. முதலிடமே கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

2023 ஏப்ரலில் வந்த ‘டைட்ஸ் ஆஃப் த ஃபோஸ்காரி’ இதே விலையில், இதே எண்ணிக்கையில் பாத்திரங்களையும் ஆயுதங்களையும் கொடுத்தது. 2024 அக்டோபர் இறுதியில் வெளியான ‘ஓட் டு காசில்வேனியா’ 3.99 டாலருக்கு 20க்கும் மேற்பட்ட பாத்திரங்களையும் 40க்கும் மேற்பட்ட ஆயுதங்களையும் அள்ளிக் கொடுத்துவிட்டதால், எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு மூன்ஸ்பெல் இன்று மெலிந்து தெரியலாம். ஒரே ஒரு விரிவாக்கம் வாங்கத்தான் மனம் இருக்கிறது என்பவர் காசில்வேனியாவை எடுக்கட்டும். மூல ஆட்டத்தை இப்போதுதான் தொடங்கியவர் எதையும் வாங்காமல் முதல் ஐந்து களங்களைத் திறந்துவிட்டு வருவது நல்லது. அவற்றைத் திறந்து முடித்து, பழைய தொகுப்புகள் சலித்துப்போன நிலையில் இருப்பவருக்கே இந்த மலை மிகப் பொருத்தமானது. அவர் மென்யாவைத் தேர்ந்து, ஃபோர் சீசன்ஸோடு ஃபயர் வாண்டையும் கோடரியையும் சேர்த்துக்கொண்டு ஏறிப் பார்க்கலாம்.